ஒரே சாப்பாடுதானே என்று எழுதிய மகனுக்கு

தம்பி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு முறை வாசித்தேன். கண்ணில் ஏதும் கோளாறோ என்று இன்னொரு முறை வாசித்தேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது. பந்தல் எங்கே போடுவது, பூவுக்கு அட்டனில் யாரிடம் சொல்வது என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் பூனை மாதிரி மெதுவாக வந்து நிற்கிறாய்: “பெண் வீட்டார் கொஞ்சம் வித்தியாசம் பார்க்கிற ஆட்கள். முதல் பந்தியில் கீழ் லயத்து ஆட்கள் உட்கார வேண்டாம் அம்மா. அவர்களுக்குக் கடைசியில் தனியாகப் பந்தி போட்டுவிடலாம். எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதானே.” இதற்குப் பதில் எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. லயத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். மிச்சம் பிள்ளைகளின் பேர்ப் புத்தகம் எழுதிப் பழகியது. எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள். இதை ஒளித்து வைத்து வாசிக்காதே. பெண்ணின் அப்பாவுக்கு முன்னால் சத்தமாக வாசி, பெண்ணும் கேட்கட்டும்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முடியாது. என் வீட்டுக் கல்யாணத்தில் அப்படி ஒரு பந்தி நடக்காது. கீழ் லயத்துச் செவனம்மாவும் அவள் மகள் பாக்கியமும் முதல் பந்தியில் உட்காருவார்கள், அவர்களுக்கு நான் பரிமாறுவேன். இதனால் கல்யாணம் நிற்குமென்றால் நிற்கட்டும். உன் அப்பா இதைக் கேட்டுவிட்டு, “பையனோட வாழ்க்க புள்ள, கொஞ்சம் யோசி” என்றார். பதினாறு வருஷமாக யோசித்தாகிவிட்டது. “ஒரே சாப்பாடுதானே” என்று நீ எழுதினாயே, அந்தச் சொல் என் வாயிலும் ஒரு காலத்தில் இருந்தது. ஒரே டின் பால்தானே என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பிள்ளை செத்துப் போனது. அந்தக் கதையை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

நாடு சுதந்திரம் வாங்கின மறுவருஷம் அது. உனக்கு நாலு வயது. தாய்மார் மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் என்னிடம் விட்டுப் போவார்கள். நான் அன்றைக்கும் ஆயம்மா, இன்றைக்கும் ஆயம்மா. மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற நம் சாதிப் பிள்ளைகளைப் பாயிலும், கீழ் லயத்துப் பிள்ளைகளைச் சுவரோரமாகச் சாக்கிலும் உட்கார வைப்பேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. எனக்கு முன்னால் இருந்தவள் செய்தாள், நானும் செய்தேன். பத்து மணிக்குப் பால். தோட்டத்திலிருந்து கொடுக்கிற பால்மாவை வாளியில் கரைப்பேன். முதலில் பாயில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தம்ளரில் ஊற்றுவேன். “இன்னுங் கொஞ்சம் ஆயம்மா” என்று நீட்டினால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன். சாக்குப் பக்கம் போவதற்குள் வாளியில் பாதிக்கும் குறைவாக இருக்கும். அடுப்பில் கொதிக்கிற வெந்நீரைச் சேர்த்து, கலக்கி, அவர்களுடைய தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுவேன். அரிசி கழுவின தண்ணீர் நிறத்தில் இருக்கும். குழந்தைகள் சத்தம் போடாமல் குடிக்கும். முதல் தம்ளர் தினமும் யாருக்கு என்று நினைக்கிறாய்? ஆயம்மா மகனுக்கு. பந்திக்கு முந்து என்று சொல்வார்களே, உனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நீ முந்தித்தான் குடித்தாய்.

எனக்கு அவமானம் என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. உனக்கு இரண்டு வயதில் நான் மறுபடி வாயும் வயிறுமாக இருந்தேன். கால் இரண்டும் வீங்கிப் போனது. டிஸ்பென்சரிக்குப் போனால் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும், கிட்டப் போகக் கூடாது. டிஸ்பென்சர் ஐயா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பென்சிலின் பின்பக்கத்தால் என் காலைக் குத்திப் பார்த்தார். “வேலக்கி டிமிக்கி குடுக்க ஒங்களுக்கெல்லாம் யாரு சொல்லித் தர்றா?” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நம் ஆட்கள்தான் சிரித்தது. அதற்குப் பிறகு தலைவலி மண்டையைப் பிளந்தது, கண் முன்னால் பூச்சி பறந்தது, நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஜன்னலுக்கு முன்னால் மறுபடி நிற்பதைவிடச் சாகலாம் என்று இருந்தேன். ஏழாம் மாதம் பிள்ளை உயிரில்லாமல் வந்தது. உனக்கு ஒரு தங்கச்சி பிறந்து செத்தாள் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். ஏன் என்று இப்போது தெரிந்துகொள். இத்தனையும் பட்ட நான்தான் இரண்டு வருஷம் கழித்தும் வாளியில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்ன பேச்சில்லை.

அந்த வருஷம் பெரிய மழையில் பிள்ளைக்காம்பராவில் மணல்வாரி அம்மை வந்தது. ஒரே வாரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் வந்தது. உனக்கும் வந்தது, செவனம்மாவின் மகன் முத்தையாவுக்கும் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒரு வாரம் நீ படுத்துக் கிடந்தாய், தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம், எழுந்து கஞ்சி கேட்டாய். முத்தையாவுக்கும் அம்மை இறங்கிவிட்டது, ஆனால் சளி நெஞ்சில் கட்டிக் காய்ச்சல் திரும்பி வந்தது. நாலாம் நாள் காலையில் செவனம்மா அவனைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு டிஸ்பென்சரிப் பாதையில் ஏறி வந்தாள். பிள்ளைக்காம்பராவைத் தாண்டித்தான் போக வேண்டும். எட்டிப் பார்த்தேன். பிள்ளையின் விலா உள்ளே இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது.

“ஏ புள்ள, இம்புட்டு நாளு என்னாடி செஞ்ச? மொத நாளே தூக்கிட்டு வர வேண்டியதுதான?” என்று சத்தம் போட்டேன். அவள் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அவள் என்னை வாங்க என்பாள், நான் அவளை வாடி என்பேன்.

அவள் நின்று சொன்னாள்: “போன தடவ கொண்டு போனப்ப, டிஸ்பென்சர் ஐயா மூக்கப் பொத்திக்கிட்டு, புள்ளயக் குளிப்பாட்டிக் கொண்டா, நாத்தம் தாங்கலன்னு எல்லாரு முன்னுக்கும் சொன்னாருங்க ஆயம்மா. காய்ச்சக்காரப் புள்ளய எப்பிடிக் குளிப்பாட்டுறது? காய்ச்ச விட்டதும் குளிப்பாட்டிக் கொண்டு போவோம்னு பாத்துக்கிட்டே இருந்தேன். விடலைங்க.”

அன்று சாயந்தரம் முத்தையா போய்விட்டான்.

நாலு நாள் அவள் காத்திருந்தது மூடத்தனம் என்று உன் மாதிரி மருந்து படித்த பிள்ளைகள் சொல்லக்கூடும். சொல்லாதே. காய்ச்சல் விட்டால்தான் குளிப்பாட்டலாம், குளிப்பாட்டினால்தான் மருந்து கேட்கலாம், மருந்து கொடுத்தால்தான் காய்ச்சல் விடும். இந்த முடிச்சை அவள் போடவில்லை. மூக்கைப் பொத்தின கை போட்ட முடிச்சு அது. இரண்டு நாள் கழித்து அந்த ஐயா பிள்ளைக்காம்பராவைப் பார்க்க வந்தார். பாயில் இருந்த பிள்ளைகளையும் சாக்கில் இருந்த பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இந்த ஆளுக வம்சமே நோஞ்சான். எலும்பே அப்பிடி. ஒரு காய்ச்ச தாங்காது” என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே என் கண் அடுப்போரத்தில் இருந்த வாளியில் போய் விழுந்தது. வம்சமாவது மண்ணாங்கட்டியாவது. பால் குடித்த பிள்ளைகள் எழுந்துவிட்டன, வெந்நீர் குடித்த பிள்ளை எழவில்லை. அவனைத் தூக்கி வர வேண்டிய நேரத்தில் தூக்கி வராமல் செய்தது அந்த ஐயாவின் வாய். அவன் உடம்பில் தாங்குகிற பலம் இல்லாமல் செய்தது என் கை. எது கால் எது முக்கால் என்று கடவுள் பிரித்துக்கொள்ளட்டும்.

முத்தையாவின் பதினாறாம் நாள் காரியம் கழிந்த பிறகு செவனம்மாவின் காம்பராவுக்குப் போனேன். அதுவரைக்கும் நான் கீழ் லயத்துப் படி இறங்கியதே கிடையாது. அவள் அடுப்புப் பக்கம் பாக்கியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன், பாலில் தண்ணீர் ஊற்றினது, யாருக்கு முதலில் கொடுத்தது, எல்லாம். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள். “மத்தியானம் புள்ளைக்கிப் பால் குடுக்க வர்றப்ப, செரட்டையில மிச்சம் இருக்கும்ல. பாலுக்கும் தண்ணிக்கும் நெறம் தெரியாதா எனக்கு?”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“கேட்டா மறுநாளு அந்தத் தண்ணியும் கெடைக்காதுன்னுதான்.”

அவள் பாக்கியத்தைக் கீழே இறக்கிவிட்டு எழுந்து நின்று என்னை நேராகப் பார்த்தாள். அதற்கு முன்னால் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. “இப்ப வந்து அழுது எனக்கு என்னா ஆகப்போவுது ஆயம்மா? நாளைக்கி வாளிய எப்பிடி ஊத்துவீங்க, அதச் சொல்லிட்டுப் போங்க.”

மறுநாள் சாக்கை எடுத்து அடுப்பில் போட்டேன். சிரட்டைகளையும் போட்டேன், நன்றாக எரிந்தது. எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்கார வைத்து, எல்லாருக்கும் ஒரே அளவுத் தம்ளரில், காலையில் யார் முதலில் வந்தார்களோ அவர்களிலிருந்து ஊற்றினேன். இன்னும் கொஞ்சம் என்று நீ நீட்டினாய். இல்லை என்றேன். அன்று நீ அழுத அழுகை எனக்கு ஞாபகம் இருக்கிறது, உனக்கு இருக்காது.

சாயந்தரமே விஷயம் மேல் லயம் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் பெண்கள் பிள்ளைகளை என்னிடம் விடவில்லை, முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலியில் நான் குடத்தை வைத்தால் தள்ளி வைத்தார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு நம் வீட்டில் வரி வாங்கமாட்டோம் என்று கோயிலடியில் கூடிப் பேசினார்கள். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போன உன் அப்பாவோடு யாரும் பேசவில்லை, அவர் வீட்டுக்கு வந்து, “ஒரு மன்னிப்பு கேட்டுட்டா என்னா கொறஞ்சிருவ?” என்று கேட்டார். குறைந்துவிடுவேன் என்றேன். பெரிய கங்காணி தோட்டத்துத் துரையிடம் போய், ஆயம்மாவை மாற்றுங்கள் என்று சொன்னார். துரைக்கு நம் சாதியும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. பிள்ளையை முதுகில் கட்டினால் கொழுந்து குறைகிறது என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. திங்கட்கிழமைக்குள் எல்லாப் பிள்ளையும் பிள்ளைக்காம்பராவில் இருக்க வேண்டும் என்று கங்காணியைத் திட்டி அனுப்பினார். ஒவ்வொருவராக வந்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளையை விட்டுப் போனார்கள். என் நியாயத்துக்காக அவர்கள் இறங்கி வரவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து இன்றுவரைக்கும் அந்த வாளியில் இரண்டாம் தரம் தண்ணீர் விழுந்ததில்லை. விழவைக்க நினைத்தவர்களை நான் வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பியிருக்கிறேன். என் வாய் உனக்குத் தெரியும்.

பாக்கியம் அதற்குப் பிறகு பிழைத்துக்கொண்டாள். ஆனால் முதல் இரண்டு வருஷம் கிடைக்காதது கிடைக்காததுதான். இப்போது அவளுக்குப் பதினெட்டு. ஏற்றமான மலையில் கூடையோடு ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள், கங்காணி சோம்பேறி என்கிறான். அவள் நின்று மூச்சு வாங்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அதே வயதில் பாலைக் குடித்த நீ கால்சட்டை போட்டு, லிந்துலைப் பக்கம் டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிறாய். உன் கெட்டிக்காரத்தனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, ராத்திரி விளக்கில் படித்தவன் நீதான். ஆனால் உன் எலும்பில் ஒரு பங்கு முத்தையாவுடையது. அது தெரியாமல் அவன் தாயைக் கடைசிப் பந்திக்குப் போகச் சொல்கிறாய்.

உன் வேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே, கோபித்தாலும் பரவாயில்லை. இவ்வளவு காலம் பிள்ளைகளையும் தாய்மாரையும் பார்த்ததில் எனக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. மனுசரைக் கேவலமாகப் பேசினால் அது காதோடு போவதில்லை, உடம்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. பேச்சு வாங்கினவள் அடுத்த தடவை வலியை மறைக்கிறாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கினவனுக்கு அன்று சோறு இறங்குவதில்லை, தூக்கம் வருவதில்லை, சாராயம் இறங்குகிறது. மலையில் ஒதுங்கப் போக விடாமல் கங்காணி கத்துகிறான் என்று பெண்கள் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார்கள், பிறகு நீர்க்கடுப்பு என்று உன்னிடம் வருகிறார்கள். நீ போத்தலில் கலக்கிக் கொடுக்கிற மருந்து இதையெல்லாம் எட்டிப் பிடிக்காது. உன் ஜன்னலுக்கு முன்னால் வருகிற மனுசிக்கு “வாங்க, உக்காருங்க” என்று சொல், பேரைக் கேள், கையைத் தொட்டு நாடி பார். பாதி மருந்து அதில் இருக்கிறது. போன மாதம் இங்கே நம் நல்லதண்ணித் தோட்டத்துக்கு வந்த ஒரு பெண் உன் டிஸ்பென்சரிக்கும் போயிருந்தாளாம். நீ அவளை “ஏய்” என்று கூப்பிட்டாய் என்று என்னிடமே சொன்னாள். நீ என் மகன் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

பெண்ணின் அப்பாவுக்கு இப்போது ஒரு வார்த்தை. ஐயா, கினிகத்தேனையில் உங்களுக்குக் கடை இருக்கிறது, சந்தோஷம். உங்கள் தகப்பனாரும் எங்கள் தகப்பனாரும் செவனம்மாவின் தகப்பனாரும் கடல் தாண்டி வந்து, காட்டு வழியில் ஒன்றாகத்தான் நடந்தார்கள். வழியில் விழுந்தவனைத் தூக்கும்போது யாரும் லயம் கேட்கவில்லை. இன்றைக்குக் கடலுக்கு அந்தப் பக்கத்து நாடும் இந்தப் பக்கத்து நாடும் சேர்ந்து நம்மைத் தலை எண்ணிப் பங்கு போடுகின்றன. பிரஜை என்று சொல்லிக்கொள்ள நம்மில் பலருக்கு ஒரு காகிதம் இல்லை. நமக்கே இலை போடாத ஊரில், நாம் யாரைக் கடைசிப் பந்திக்குத் தள்ளுவது? உங்கள் பெண்ணை என் மகள் மாதிரி வைத்துக்கொள்வேன். அவள் வயிற்றில் ஒரு பிள்ளை வரும்போது எந்த ஜன்னலுக்கு வெளியேயும் அவளை நிற்க விடமாட்டேன். ஆனால் என் பந்தலில் உங்கள் சட்டம் செல்லாது.

தம்பி, நேற்று ஞாயிற்றுக்கிழமை, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு செவனம்மாவைக் கல்யாணத்துக்கு அழைக்கக் கீழ் லயத்துக்குப் போனேன். நம் ஆட்கள் அவர்களை அப்படி அழைப்பதில்லை, ரோட்டில் நின்று ஒரு சத்தம் கொடுப்பதோடு சரி என்று உனக்கே தெரியும். “அக்கா, மகனுக்குக் கல்யாணம். நீங்களும் பாக்கியமும் மொதப் பந்தியில இருக்கணும்” என்றேன். அவள் தட்டைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

“கல்யாணம் ஒங்களுக்கா, ஒங்க மகனுக்கா?” என்று கேட்டாள்.

“மகனுக்குத்தான்.”

“அப்ப அவரு வந்து கூப்புடட்டும். அவரும் எம்மகனும் ஒரே வயசு.”

உன் கடிதத்தைப் பற்றி நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கும், பாலின் நிறம் பார்த்தவள். தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை, பெருமையாக இருந்தது. கேட்டால் தண்ணீரும் கிடைக்காது என்று பயந்து இருந்தவள் இன்றைக்கு வாசலில் நின்று நிபந்தனை போடுகிறாள்.

வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் வா. முதலில் நம் வீட்டுக்கு ஏறி வராதே. ரோட்டில் இறங்கி நேரே கீழ் லயத்துக்குப் போ, மேல் லயத்து ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும். உட்காரச் சொன்னால் உட்கார், தேத்தண்ணி கொடுத்தால் குடி. முத்தையாவைப் பற்றி நான் உனக்கு எழுதினதை உன் வாயால் அவளிடம் சொல். பிறகு கூப்பிடு. வருகிறேன் என்று சொன்னால் மேலே வந்து என்னிடம் சொல்லு. வரமாட்டேன் என்று சொன்னால் அடுத்த ஞாயிறும் போ, அதற்கு அடுத்த ஞாயிறும் போ. தேதி தள்ளிப் போனால் போகட்டும். அவள் வருகிறேன் என்று சொல்லும்வரை இந்த வாசலில் பந்தக்கால் நட விடமாட்டேன்.

அம்மா